நிழல் விழாத வீடு

கெல்ப்ரூக் என்ற ஊர் இப்போது தரையில் இல்லை. ரயிலை நிறுத்தினார்கள், தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், தானியக் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். மிச்சம் கிடந்ததைக் கோதுமை மூடிவிட்டது. ஆனால் சாஸ்கடூனில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், இருபது அடி நீள மேசை மேல் கெல்ப்ரூக் இன்னும் இருக்கிறது. எல்லாம் கையால் செய்த மாதிரிகள், நிஜ அளவில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, மூன்று தானியக் கோபுரங்கள், சீனாக்காரர் ஓட்டல், பீர் கடை, கரிக் கொட்டகை. அந்த மேசையில் எப்போதும் 1949 செப்டம்பர். அறுப்பு முடிந்து, வேகன்கள் சைடிங் என்ற பக்கப் பாதையில் தானியத்துக்குக் காத்து நிற்கும்.

அந்த செப்டம்பரில் எனக்கு ஒன்பது வயது. இந்த மாதிரி ஊரைச் செய்கிற சங்கத்தில், மேசையைச் சுற்றி நிற்கும் ஏழு பேரில், கெல்ப்ரூக்கில் வாழ்ந்தவன் நான் ஒருவன்தான். என் பெயர் பாவ்லோ கொஸ்தின்யுக். அவர்களுக்கு வாயில் நுழையாது, பால் என்பார்கள். முப்பத்தெட்டு வருடம் ரயில் பாதையில் வேலை செய்தேன். கேங்மேனாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். மற்றவர்கள் படித்தவர்கள். தலைவர் வில்ஃப் பிரிங்கிள் பல் டாக்டர். கட்டடங்கள் செய்கிற ஹால்வர் பள்ளிக்கூடத்தில் தச்சு சொல்லிக் கொடுத்தவன். இவர்கள் பாதையில் ஒட்டியிருக்கும் ஸ்லீப்பர் கட்டை ஒரு தீக்குச்சி அளவு இருக்கும். நான் தோளில் தூக்கியது ஓர் ஆளின் எடை இருக்கும். அதில் ஊறிய தார் எண்ணெய் வெயிலில் கசிந்து கழுத்துத் தோலை உரித்துவிடும். அதை இவர்களிடம் சொன்னால் வில்ஃப் உடனே நோட்டை எடுத்து, "என்ன கலர்ல இருக்கும் பால், கறுப்பா, இல்ல கறுப்பும் பழுப்புமா?" என்று கேட்பார்.

எனக்கு அந்த ஊர் மேல் ஆசை கிடையாது. தூசி, ஈ, குளிர். அதுதான் கெல்ப்ரூக். ஆசையெல்லாம் இவர்களுக்குத்தான், ஒரு நாள்கூட அங்கே இருந்ததில்லை என்பதால். வியாழக்கிழமை மதியம் காபி கிடைக்கும், பேச ஆள் கிடைக்கும் என்றுதான் நான் போக ஆரம்பித்தேன். பிறகு அந்த வீட்டுக்காகப் போனேன்.

அவர்களிடம் ஒரு சட்டம் உண்டு. படமோ கம்பெனி வரைபடமோ இல்லாமல் எதுவும் மேசை மேல் ஏறக் கூடாது. படம் தெளிவாக இல்லையென்றால் நேரில் பார்த்த சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒருமுறை ஒருவர் ஆசை ஆசையாக ஒரு பெட்ரோல் பம்பு செய்து கொண்டுவந்தார். சின்னக் கண்ணாடித் தலை, ரப்பர்க் குழாய், எல்லாம் அச்சு அசல். அது கெல்ப்ரூக்குக்கு வந்தது 1952 என்று தெரிந்ததும் வில்ஃப் இடுக்கியால் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த மனிதர் ஒரு மாதம் வரவில்லை.

போன வருடம் வில்ஃப் ஒரு பெரிய படம் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அரசாங்கம் விமானத்திலிருந்து எடுத்தது, 1949 செப்டம்பரில். மேசை விளக்கைக் கீழே இழுத்து, என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

"பால், இந்த இடத்தப் பாருங்க. கரிக் கொட்டகைக்குப் பின்னால, சக்கரம் இல்லாத வேகன் ஒண்ணு நிக்குது பாருங்க. அதுக்குப் பக்கத்துல வெள்ளையா சதுரம் மாதிரி தெரியுதே, அது வீடுதானே?"

பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள். நான்கு பக்கமும் நேர்கோடாக, நடுவில் குறுக்கே இன்னும் இரண்டு கோடு.

"ஆமா," என்றேன். "வீடு."

"ரயில்வே வீடா? யார் இருந்தாங்க?"

"நாங்கதான்."

"அப்ப அந்த வேகன்?"

"சாமான் போடற இடம்."

அவ்வளவுதான். மூன்று பதில். வில்ஃப் சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினார்.

உண்மை இது. நாங்கள் இருந்தது அந்த வேகனில். 1946-ல் அப்பா கெல்ப்ரூக் கேங்கில் சேர்ந்தபோது, மேஸ்திரிக்கு இருப்பது போல் உனக்கும் ஒரு வீடு, வர்ற வசந்தத்தில் கட்டித் தருவோம் என்று கம்பெனி சொன்னது. அதுவரைக்கும் இதில் இரு என்று ஒரு பழைய சரக்கு வேகனைச் சக்கரம் கழற்றி ஸ்லீப்பர் மேல் உட்கார்த்தி வைத்தார்கள். முப்பத்தாறு அடி நீளம், எட்டரை அடி அகலம். அப்பா, அம்மா, அக்கா டோக்கியா, நான். ஜனவரியில் சுவரில் அடித்த ஆணித் தலையெல்லாம் உள்பக்கமே பனி பூத்து வெள்ளையாக நிற்கும். நானும் அக்காவும் படுத்துக்கொண்டு அதை நட்சத்திரம் என்று எண்ணுவோம். வெளிச்சம் வேண்டுமென்று அப்பா ரம்பத்தால் ஒரு ஜன்னல் வெட்டினார். மேஸ்திரி மெக்கின்னஸ் வந்து, கம்பெனி வேகனை வெட்ட உனக்கு யார் உத்தரவு கொடுத்தது என்று கத்திவிட்டுப் போனான்.

வசந்தம் வந்தது. அடுத்த வசந்தமும் வந்தது. வீடு வரவில்லை.

அம்மா ஒரு விவசாயியிடம் கல் பொறுக்கும் வேலைக்குப் போவாள். எங்கள் பக்கத்து நிலத்தில் குளிர் விட்டதும் மண் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கல்லைத் துப்பும். அதைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தால்தான் கலப்பை ஓடும். ஒருநாள் அவள் பாவாடை மேல் கட்டும் வேலைத் துணியில் நான்கு கல்லைக் கட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் இன்னும் நான்கு. ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவு இருக்கும். மே மாதம் கேங் ஆட்கள் ஸ்டேஷன் தோட்டத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள், நல்ல தோட்டத்துக்குக் கம்பெனி பரிசு கொடுக்கும் என்பதற்காக. வாளியில் மிஞ்சிய சுண்ணாம்பை அப்பா கொண்டுவந்தார். அம்மா தன் கல்லுக்கெல்லாம் பூசினாள். பிறகு வேகனுக்குப் பக்கத்தில் காலடியால் அளந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள்.

அது வீடு. கம்பெனி கட்டித் தரப் போகும் வீடு. இது சமையலறை, இது எங்கள் அறை, இது உங்கள் அறை என்றாள். உள்ளே புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் பெருக்கினாள். கோடையில் சாயங்காலச் சாப்பாடு அந்தச் சமையலறையில்தான். வெறும் தரையில் உட்கார்ந்து, கிண்ணத்தில் போர்ஷ், எங்கள் பீட்ரூட் சூப். கல்லைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வாசல் விட்ட இடத்தில்தான் நுழைய வேண்டும். ஒருநாள் அக்கா கல்லைத் தாண்டி நேராக ஓடி வந்தாள். அம்மா அவள் கன்னத்தில் ஒன்று விட்டாள். "சுவர்ல நடக்கறவ மனுஷியா, பேயா?" என்றாள்.

மேசையில் இருக்கிற ஊருக்கு இரண்டு வருடம் கழித்து, 1951-ல், கரிக் கொட்டகைக்குப் புதுப் பாதை ஒன்று போட்டார்கள். பாதை அந்தச் சமையலறை வழியாகப் போனது. கல்லைப் பொறுக்கி எறிந்து, மண்ணை வெட்டி, ஸ்லீப்பர் வைத்தது எங்கள் கேங்தான். அதில் அப்பாவும் உண்டு. அவர் சம்பளம் வாங்குகிற ஆள், வேறென்ன செய்வார்? அம்மா வேகன் வாசலில் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வீடு என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. ஏழு வருடம் கழித்து அதே வேகனில் செத்தாள். எனக்கு மேஸ்திரி வீடு கிடைத்தபோது அவளை அடக்கம் செய்து பதினாறு வருடம் ஆகியிருந்தது.

வில்ஃப் அந்தப் படத்தைக் காட்டியபோது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாயிலிருந்து "வீடுதானே" என்ற சொல் வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வருடத்தில் அதை வீடு என்று சொன்ன முதல் வெளியாள் அவர்தான்.

ஹால்வர் மூன்று மாதம் அந்த வீட்டைச் செய்தான். வாரா வாரம் கேள்வி கேட்பான்.

"கூரை என்னப்பா?"

"மரச்சில்லு."

"கதவு?"

"பச்சை."

"எந்தப் பக்கம்?"

"தெற்கு," என்றேன். பார்க்க வருகிறவர்கள் மேசைக்குத் தெற்கே நிற்பார்கள். அவர்களுக்குக் கதவு தெரியட்டும் என்று.

பச்சைக் கதவு பொய் இல்லை. அம்மா பச்சைதான் அடிக்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஹால்வர் கூரைச் சில்லு ஒவ்வொன்றையும் தனியாக நறுக்கி ஒட்டினான். கைக்குட்டை ஓரத்தை வெட்டி ஜன்னலுக்குத் திரை போட்டான். மேசையில் துளையிட்டுக் கம்பி விட்டு, உள்ளே அரிசி அளவு பல்பு ஒன்று வைத்தான். வியாழக்கிழமை கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே நான் போய் அந்த ஸ்விட்சைப் போடுவேன். ஜன்னல் மஞ்சளாகும். பிறகுதான் காபி.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, ஊரார் எல்லோரும் வந்து பார்க்கும் கண்காட்சி. அதற்கு முந்தின வாரம் ஹால்வர் என்னைக் கூப்பிட்டான். விமானப் படமும் பூதக்கண்ணாடியும் அவன் முன்னால் இருந்தன.

"யோவ் பால், இங்க வா. கூரைக்குக் கலர் சரியான்னு பாக்கத்தான் எடுத்தேன். கோபுரத்தப் பாரு, நிழல் எவ்வளவு நீளம்? தண்ணித் தொட்டிக்கு நிழல் இருக்கா? இருக்கு. உங்க சாமான் வேகனுக்கு?"

"இருக்கு."

"உங்க வீட்டுக்கு?"

நான் குனிந்து பார்ப்பது போல் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள் தரையோடு தரையாகக் கிடந்தன.

"படம் பழசு," என்றேன்.

"படம் எல்லாத்துக்கும்தான் பழசு. வேகனுக்கு நிழல் விழும், பக்கத்துல இருக்கிற வீட்டுக்கு விழாதா? உங்க வீட்டை என்ன கண்ணாடியில கட்டினாங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். வில்ஃப் சிரிக்கவில்லை. படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பால், நீங்க சொன்னா எனக்குப் போதும்," என்றார். "ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். படம் தெளிவா இல்ல. அப்ப இன்னொரு சாட்சி வேணும். உங்க அக்கா யார்க்டன்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே? நானே பேசறேன். கண்காட்சிக்கு முந்தின நாள் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வீடு நிக்கும். இல்லன்னா எடுத்துடணும், பால். பெட்ரோல் பம்பையும் எடுத்தேனே."

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். அதற்குள் வில்ஃப் பேசி முடித்திருந்தார்.

"யாரோ பல் டாக்டர் பேசினார்டா," என்றாள் டோக்கியா. "ரொம்ப மரியாதையா. என்கிட்ட இருக்கறதெல்லாம் கழட்டி வைக்கிற பல்லு, லேட்டாக் கூப்பிடறீங்கன்னு சொன்னேன். அப்புறம் கேட்டார், கெல்ப்ரூக்குல உங்க வீட்டுக்குச் சாட்சி சொல்ல வர முடியுமான்னு. எந்த வீடுடா?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

"பச்சைக் கதவு வச்சியா?"

"வச்சேன்."

"உனக்கு அறுபத்து நாலு வயசாச்சு."

"தெரியும்."

"ஒரு பொய்யச் சொன்ன, சரி. அதுக்கு என்னையும் ஏன்டா கார் ஓட்டிட்டு வரச் சொல்ற?"

"நீ ஒண்ணும் விளக்கமா சொல்ல வேண்டாம் டோக்கியா. இது உங்க வீடான்னு கேப்பாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை. அது நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். வேற எதுவும் நான் உன்கிட்ட இதுவரைக்கும் கேட்டதில்ல."

"கேட்டிருக்க. டிராக்டர் கேட்ட. இன்னும் திரும்பி வரல." போனை வைத்துவிட்டாள். வருவாளா, வந்தால் என்ன சொல்வாள், ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள். படிக்கட்டில் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். வில்ஃப் நாற்காலி போட்டார். ஹால்வர் காபி கொடுத்தான். அவள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, மேசையின் ஒரு முனையிலிருந்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஐயோ, அந்த ஓட்டல். எனக்கு ஒரு தடவை எலுமிச்சைப் பலகாரம் ஒரு துண்டு ஓசியாக் குடுத்தார் அந்த மனுஷன். அழுதுட்டுப் போனேன், எதுக்குன்னு கேக்கவே இல்ல, குடுத்துட்டார்." தண்ணீர்த் தொட்டியிடம் நின்றாள். "இதோட குழாய் ஒழுகிட்டே இருக்கும். குளிர் காலத்துல அடியில பனி யானை மாதிரி நிக்கும்." வில்ஃப் வேகவேகமாக எழுதினார். பிறகு கரிக் கொட்டகைக்குப் பின்னால் வந்தாள். வேகனைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"சாமான் கிடங்குங்க," என்றான் ஹால்வர். "பால் சொன்னான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். எங்கள் மொழியில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நான் சாமானாடா? அம்மா சாமானா?"

மற்றவர்களுக்கு அது புரியவில்லை.

வில்ஃப் நோட்டைத் திருப்பினார். "அம்மா, இந்தப் பச்சைக் கதவு வீடு. இது நீங்க இருந்த வீடுதானா?"

டோக்கியா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அதைப் பார்த்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. திரை வழியாக மஞ்சள் வெளிச்சம். அவள் முகம் என்னவோ ஆயிற்று, நான் அதைக் கவனித்தேன். வாயைத் திறந்தபோது குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"வாசல் தப்பு," என்றாள். "வாசல் கிழக்க. இவனுக்கு ஞாபகம் இல்ல. நான் அடி வாங்கினவ, எனக்கு மறக்காது."

"கிழக்கு," என்று வில்ஃப் எழுதினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ள எப்படி இருக்கும்?"

"நுழைஞ்சதும் சமையலறை. பன்னெண்டு அடி. நாங்க சாப்பிடறது அங்கதான். அதுக்குப் பின்னால ரெண்டு ரூம். அப்பா அம்மா ஒண்ணு, நாங்க ஒண்ணு. அம்மா தினமும் பெருக்குவா. செருப்போட உள்ள போனா கத்துவா."

எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீடு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

ஹால்வர் விடவில்லை. "கூரைங்க? மரச்சில்லா, தார்த் தாளா?"

அவள் நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கூரையப் பத்தி என்னக் கேக்காதீங்க," என்றாள். "அவனக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரச்சில்லு என்று ஏற்கெனவே சொன்னவன் நான். இன்னொரு தடவை சொன்னால் போதும். நாளைக்கு நூறு பேர், இருநூறு பேர் வருவார்கள், பச்சைக் கதவைப் பார்ப்பார்கள், கொஸ்தின்யுக் குடும்பத்து வீடு என்று அட்டையில் படிப்பார்கள். அம்மாவுக்குக் கடைசியில் ஒரு வீடு. அதற்குப் பக்கத்தில் ஒரு சாமான் கிடங்கு, யாரும் இருந்திராத கிடங்கு, ஆணித் தலையில் யாரும் நட்சத்திரம் எண்ணாத கிடங்கு. வீட்டுக்கு அடியில் வெறும் பலகை. அம்மா தன் கையால் செய்தது அந்தக் கல் மட்டும்தான். கதவும் கூரையும் ஹால்வர் செய்தது. ஹால்வருடைய வீட்டை வைப்பதற்காக அம்மாவுடைய வீட்டை எடுத்துப் போட்டிருக்கிறேன், 1951-ல் எங்கள் கேங் செய்த மாதிரியே.

"கூரை இல்ல," என்றேன்.

"என்னது?"

"கூரை இல்ல. சுவரும் இல்ல. கல்லு மட்டும்தான். எங்கம்மா வச்சது."

மாடியில் தேவாலயத்து ஆர்கனை யாரோ சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப.

"அதான் நிழல் இல்ல," என்றான் ஹால்வர். அவன் குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒத்துப்போன மாதிரி சொன்னான்.

"மழை பெஞ்சா இதுக்குள்ள ஓடுவோம்," என்று டோக்கியா வேகனைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மிச்சத்தையெல்லாம் அவளே சொன்னாள். கம்பெனி சொன்னது, கல் பொறுக்கினது, தான் வாங்கின அறை. பேய் என்று அம்மா திட்டியதைச் சொல்லும்போது அவளே சிரித்தாள். வில்ஃப் எழுதுவதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஹால்வர் கத்தியை எடுத்து வீட்டின் அடியில் நுழைத்தான். பசை கிழியும் சத்தம் கேட்டது. கம்பியை வெட்டினான், பல்பு அணைந்தது. வீட்டைத் தூக்கினால் அடியில் புல் ஒட்டாத பழுப்புச் சதுரம், நடுவில் ஒரு துளை.

"கூரைச் சில்லு மட்டும் எண்ணூத்து முப்பது," என்றான் என்னிடம்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கதை விட்டியா?"

"தெரிஞ்சுதான்."

அவன் பாட்டன் மொழியில் ஒரு வார்த்தை சொன்னான். நார்வே கெட்ட வார்த்தை, கேங்கில் கேட்டுப் பழகியது, எனக்குப் புரிந்தது. பிறகு டோக்கியாவிடம் திரும்பி, "கல்லு எவ்வளவு பெருசுங்க?" என்று கேட்டான்.

அவள் இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள். "ரொட்டி மாதிரி."

அவன் எங்கேயோ போய் மீன்தொட்டிக்குப் போடும் சரளை ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். சலித்து ஒரே அளவாக எடுத்து, வெள்ளை அடித்து உலர்த்தினான். விமானப் படத்தில் வில்ஃப் எண்ணினார், நாற்பத்து மூன்று. இடுக்கியை முதலில் என்னிடம் கொடுத்தார்கள். முப்பத்தெட்டு வருடம் ஆணி அடித்த கை, சரளையைப் பிடிக்க மாட்டேன் என்றது.

"தா இங்க," என்று டோக்கியா பிடுங்கினாள். வருடா வருடம் ஈஸ்டருக்கு முட்டை ஓட்டின் மேல் மெழுகால் மெல்லிய கோடு இழுத்துச் சித்திரம் போடுகிறவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தாள். கிழக்கே வாசலுக்கு இடம் விட்டாள். வடக்குச் சுவரில் ஒரு கல்லை மட்டும் கோட்டுக்கு வெளியே கோணலாக வைத்தாள்.

"அது தள்ளி இருக்குதே," என்றார் வில்ஃப்.

"நான் உதைச்சது. அறை வாங்கின அன்னிக்கு. அம்மா அத அப்படியே விட்டுட்டா, நான் பாக்கணும்னு. உங்க படத்துலயும் அப்படித்தான் இருக்கும், பாருங்க."

வில்ஃப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். படத்திலும் அப்படித்தான் இருந்தது.

கம்பி சும்மா கிடந்தது. ஹால்வர் அதைப் பார்த்துக்கொண்டே, "வேகன்ல ஜன்னல் எதாவது இருந்துதா?" என்றான்.

"அப்பா ரம்பத்தால வெட்டினார்," என்றேன். "தெற்குப் பக்கம். கோணலா இருக்கும்."

"கோணலாவே வெட்டறேன்," என்றான்.

சனிக்கிழமை கூட்டம். பிள்ளைகளுக்கு ரயில் ஓடினால் போதும், பெரியவர்களுக்குத் தங்கள் ஊர்க் கோபுரத்தின் பெயர் தெரிந்தால் போதும். கரிக் கொட்டகைப் பக்கம் அதிகம் பேர் நிற்கவில்லை. தொப்பி வைத்த ஒரு விவசாயி மட்டும் நின்றார். கல் பொறுக்கத் தெரிந்த கை அவருக்கு.

"இது என்ன, தோட்டமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டோக்கியா சொன்னாள்: "வீடு. வாசல் அந்தப் பக்கம்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். ஏன், எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. மேசையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அங்கிருந்து குனிந்து உள்ளே பார்த்தார்.

கண்காட்சி முடிந்து கிளம்பும்போது ஹால்வர் ஒரு செருப்புப் பெட்டியை என் கையில் திணித்தான். "சட்டப்படி இது மேசையில இருக்கக் கூடாது. என் வீட்டுலயும் இருக்க வேண்டாம், பாத்தா எரிச்சல் வரும்." அக்காவிடம் நீட்டினேன்.

"நீயே வச்சுக்க," என்றாள். "எனக்கு மூணு ரூம் வீடு இருக்கு. பெருக்கவே முடியல."

மறுநாள் காலை அதைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில், ஜன்னலோரம் வைத்தேன். பச்சைக் கதவு கிழக்கே பார்க்கும்படி திருப்பினேன். வெயில் வந்தது. கதவில் பட்டது, கூரையில் ஏறியது. வீட்டுக்குப் பின்னால் மேசைமேல் நிழல் விழுந்தது, நீளமாக, என் கை வரைக்கும். காபிக் கோப்பையை நகர்த்தி அதற்கு இடம் விட்டேன்.